இந்த நாய்க்கு எந்த வீடு?

"எங்களுக்குத் தனி வீடு, பெரிய தோட்டம்" என்று தத்துக் கேட்பவர் சொன்னதுமே ஃபாஸ்டர் பார்க்கிறவர்களில் (நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாயைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களில்) பலர் பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். தோட்டம் இருந்தால் நாய் ஓடி ஆடும் என்ற நினைப்பு. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்தப் பேச்சுக்கு நடைமுறையில் அர்த்தம் பெரும்பாலும் வேறு: நாய் தோட்டத்தில்தான் இருக்கும். மே மாத வெயிலிலும் நவம்பர் மழையிலும் அங்கேதான். வீட்டுக்குள் விடமாட்டார்கள், தோட்டம்தான் இருக்கிறதே என்று வெளியே நடக்கவும் கூட்டிப்போக மாட்டார்கள். இரண்டாம் மாடியில் சின்ன ஃப்ளாட்டில் இருக்கும் ஒருவர், விடியற்காலையும் ராத்திரியும் தவறாமல் கீழே கூட்டிப்போய், தன் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பவராக இருந்தால், அந்த நாயின் வாழ்க்கை இதைவிட எவ்வளவோ மேல். தோட்ட வீடு எல்லாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சதுர அடியைக் கேட்பதை விட்டுவிட்டு, நாய் ராத்திரி எங்கே தூங்கும் என்று கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

வீடு தேடும் வேலை நாயிலிருந்து தொடங்க வேண்டும். உங்களோடு இருக்கும் நாட்களில் அதைப் பார்த்துக் குறித்து வைப்பதுதான் ஃபாஸ்டரின் முக்கியமான வேலை. வேறு யாருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரியும். குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடுகிறதா? மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போகிறதா? ஹெல்மெட் போட்ட ஆளைப் பார்த்துக் குரைக்கிறதா? துடைப்பத்தைக் கையில் எடுத்தால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதா? லிஃப்ட்டில் ஏறுமா? படி இறங்கப் பயப்படுகிறதா? சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் ஆள் வந்தால் உறுமுகிறதா? பூனையைக் கண்டால் முறைத்துப் பார்க்கிறதா, இல்லை உடம்பே கம்பி மாதிரி விறைத்துப் போகிறதா? ஒவ்வொன்றும் ஒரு வகை வீட்டை உள்ளே கொண்டுவரும், இன்னொரு வகையை வெளியே தள்ளும்.

தனியாக இருக்குமா என்பதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். பழைய போனில் வீடியோ ஓடவிட்டு, முதலில் 10 நிமிடம் வெளியே போய் வாருங்கள். அப்புறம் அரை மணி, ஒரு மணி, மூன்று மணி. வீடியோவை முழுசாகப் பாருங்கள். கொஞ்சம் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டால் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்குச் சரிப்படும். கதவைப் பிராண்டி, எச்சில் ஒழுக ஒழுக நடந்துகொண்டே இருந்தால், பகலில் ஆள் இருக்கும் வீடுதான் அதற்கு வேண்டும். பக்கத்து ஃப்ளாட்காரர் புகார் சொல்லித் திரும்பி வரும் நாய்களில் பல இந்த ஒரு சோதனை செய்யாமல் போனவை.

உடல்நிலை விஷயத்தில் அவசரம் வேண்டாம். தெருவிலிருந்து வந்த நாயை, குறிப்பாகக் குட்டியை, குறைந்தது 14 நாளாவது மற்ற நாய்களோடு சேர்க்காமல் தனியாக வைத்துவிட்டுத்தான் வீடு மாற்ற வேண்டும். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் 3 முதல் 7 நாளில் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும், இரண்டு வாரம் வரையும் போகலாம். இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டம்பர் அதைவிடத் தாமதமாகவும் வரும். துள்ளி விளையாடும் குட்டியை மூன்றாம் நாளே கொடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் புது வீட்டில் அது ரத்தமாகப் பேதியானால் குட்டியும் போகும், அந்த வீட்டார் இன்னொரு நாட்டு நாயை நினைத்தும் பார்க்க மாட்டார்கள். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்தில் ராபிஸ் ஊசி. 8 வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாய் இல்லாத குட்டியானால் கூடப் பிறந்தவற்றோடாவது அதுவரை வைத்திருங்கள். கடியின் அளவை அவை ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ளும் வயது அது.

வளர்ந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். நம் ஊர் உண்ணிகளால் எர்லிக்கியா, பபீசியா என்ற ரத்தத் தொற்றுகள் சாதாரணமாக வரும், நாய் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே உள்ளே தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) குறைந்திருக்கும். பெண் நாய்க்குப் பின்பக்கம் ரத்தம் சொட்டினால் 'ஹீட்' (இணைசேரும் பருவம்) என்று விட்டுவிடாதீர்கள். ஹீட் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேலும் நின்று நின்று சொட்டினால் தெருநாய்களிடம் இணைசேரும்போது பரவும் கட்டியாக இருக்கலாம். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் (புற்றுநோய் மருந்து) ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். அந்தச் சிகிச்சையை முடித்துவிட்டே கொடுங்கள். வளர்ந்த நாய்க்குக் கருத்தடையும் உங்கள் வீட்டிலேயே முடிந்துவிட்டால் "பொட்டை வேண்டாம், குட்டி போட்டுத் தொல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி அறிவிப்பு. "நாளைக்குள் யாராவது எடுக்காவிட்டால் தெருவில் விட்டுவிடுவோம்" என்று எழுதினால் போன் நிறைய வரும், இரக்கப்பட்டு வருகிறவர்களிடமிருந்து. அந்த இரக்கம் முதல் வாரத்து மூத்திரத்தைத் தாண்டி நிற்பது சந்தேகம். 'லேப் மிக்ஸ்' (லாப்ரடார் கலப்பு) என்று போடுவதையும் விட்டுவிடுவோம். காது தொங்கியிருந்த குட்டி ஆறு மாதத்தில் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்போது ஏமாந்ததாக நினைப்பவர் அந்த நாயிடம்தான் அதைக் காட்டுவார். நாட்டு நாய் என்றே எழுதுங்கள். நம் வெயில் தாங்கும், முடி குறைவு, வளர்ந்தால் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோவுக்குள் நிற்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாதிரிக்கு இப்படி:

"மைனா. பெண். ஒன்றரை வயது இருக்கும். 14 கிலோ. கருப்பு, நெஞ்சில் வெள்ளை. கருத்தடை ஆயிற்று, தடுப்பூசி எல்லாம் ஆயிற்று. நடக்கக் கூட்டிப்போகும்வரை வீட்டுக்குள் அசிங்கம் செய்யாமல் இருப்பாள். மூன்று மணி நேரம் தனியாக இருப்பாள். லீஷ் போட்டால் முதல் ஐந்து நிமிடம் இழுப்பாள். பெண்களிடம் உடனே ஒட்டிக்கொள்வாள், ஆண்களிடம் இரண்டு நாள் தள்ளியே நிற்பாள். பூனை இருக்கும் வீடு வேண்டாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீடும் வேண்டாம், சத்தத்துக்குப் பயப்படுகிறாள்."

வேண்டாம் என்பதை எழுதியிருப்பதால் போன் குறையும். குறையட்டும். வருகிறவர்கள் படித்துவிட்டு வருவார்கள். படம் நாயின் கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கருப்பு நாயானால் நிழலில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு படத்தில் ஆள் முழங்கால் பக்கத்தில் நிற்கட்டும், உயரம் புரியும். லீஷில் நடக்கும் வீடியோ ஒன்று போதும்.

பேசும்போது ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விகளால் பயனில்லை. "நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். காலையில் யார் முதலில் எழுந்திருப்பார்கள், மழை நாளில் யார் கூட்டிப்போவார், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும், இப்படிக் கேளுங்கள். பொங்கல் கேள்வி நிறைய விஷயத்தை வெளியே கொண்டுவரும். "கூடவே காரில் கூட்டிப்போவோம்", "தங்கச்சி வீட்டில் விடுவோம், அவளுக்கும் நாய் பிடிக்கும்" என்று யோசித்து வைத்த பதில் வந்தால் நல்லது. "ரெண்டு நாள்தானே, சாப்பாடு வைத்துவிட்டுப் போனால் போச்சு" என்று வந்தால் அங்கேயே புரிந்துகொள்ளலாம்.

முன்பு வளர்த்த நாய் எப்படி இறந்தது என்பதைத் தயங்காமல் கேளுங்கள். வயதாகி இறந்ததா, கேட் திறந்திருந்து வண்டியில் அடிபட்டதா? ஒருமுறை அடிபட்டது என்பதற்காக மறுக்க வேண்டியதில்லை, அதன் பிறகு கேட்டில் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். குட்டியாகவே இறந்தது என்றால் பார்வோவா, எப்போது என்று விசாரியுங்கள். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், நிழலான ஈரமான இடத்தில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். வெறும் டெட்டாலும் பினாயிலும் தெளித்தால் அது போகும் என்று நம்ப முடியாது. துணி வெளுக்கும் பிளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய தரையில் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். மண்தரைக்கு அதுவும் உதவாது. அந்த வீட்டுக்கு வளர்ந்த, தடுப்பூசி முடிந்த நாயைக் கொடுக்கலாம், குட்டியைக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் யார் யாருக்குச் சம்மதம் என்பது இன்னொன்று. பிள்ளைகள் கேட்டார்கள், அப்பா ஒத்துக்கொண்டார், பகலெல்லாம் நாயோடு இருக்கப்போவது பாட்டி. பாட்டியிடம் பேசுங்கள். "எனக்கொண்ணும் இல்லப்பா, பூஜை ரூமுக்குள்ள மட்டும் வரக்கூடாது" என்றால் அது நல்ல பதில், ஒரு தடுப்புக் கதவு போதும். "அவங்க ஆசைப்படறாங்க, நான் என்ன சொல்றது" என்றால் கொஞ்சம் பொறுங்கள். சைவ வீடு என்பதற்காக மறுக்காதீர்கள். தினமும் தயிர் சாதம் மட்டும் என்றால் நாய்க்குப் புரதம் போதாது, முட்டையோ பாக்கெட் உணவோ கொடுக்கச் சம்மதமா என்று நேராகக் கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் தம்பதி இரண்டு மாதக் குட்டி கேட்டால் கணக்கைச் சொல்லுங்கள்: குட்டியால் தோராயமாக வயதில் ஒரு மாதத்துக்கு ஒரு மணி நேரம்தான் மூத்திரத்தை அடக்க முடியும், மூன்று மாதக் குட்டிக்கு மூன்று மணி. ஒன்பது மணி நேரம் பூட்டிய வீட்டில் அது பழகாது. அவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வயது நாயைக் காட்டுங்கள். குட்டிதான் வேண்டும் என்று வந்து வளர்ந்த நாயோடு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு.

சில கோரிக்கைகளை அப்படியே நிறுத்திவிட வேண்டும். இன்றைக்கு ராத்திரியே வேண்டும் என்கிறவர், வீட்டைப் பார்க்க வரக்கூடாது என்கிறவர், டிரைவரை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்கிறவர், பையன் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொடுக்கப்போகிறவர், குடோன் காவலுக்குக் கேட்கிறவர். உங்களிடம் இருப்பது சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ வெளிநாட்டு ரகமோ என்றால், "கருத்தடை ஆகவில்லையே?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிறவர் குட்டி போடவைத்து விற்கத்தான் வருகிறார். அப்படிப்பட்ட நாய்களைக் கருத்தடை முடியாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வாடகை வீடானால் ஹவுஸ் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். "அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்பது சம்மதம் ஆகாது. குடியிருப்போர் சங்கம் தடுத்தால் நிலைமை வேறு. சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றாதே என்று சொல்லவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதன் நகலை வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆனால் சண்டை வந்தால் தாக்குப்பிடிக்கக் கூடியவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறது. சிப் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் ஒப்படைக்கும் வாரத்திலேயே புதியவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நாய் தொலைந்து யாராவது சிப்பைப் படித்தால் போன் போக வேண்டியது அவருக்கு. தெருநாயைத் தத்தெடுத்தவர் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது. இதையும் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் போய்ப் பாருங்கள். ஓட்டை ஒடிசல் தேடுவதற்கு மட்டும் போகவில்லை, அந்த வீட்டில் நாய் எப்படி நடமாடும் என்று கண்ணால் பார்க்கத்தான். முதலில் கேட். கம்பிகளுக்கு நடுவில் மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால் இரண்டு மாதக் குட்டி வெளியே போய்விடும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். கேட்டுக்கு அடியில் உள்ள சந்தையும் அளந்து பாருங்கள். கீழே ஒரு பலகையோ கம்பி வலையோ வைத்துக் கட்டினால் முடிந்தது, அதை அவர் செய்துவிட்டுப் படம் அனுப்பட்டும். அப்படி அனுப்புகிறாரா என்பதே ஒரு தகவல். பிறகு சம்ப் மூடி, கிணறு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், பால்கனி கிரில், எலி மருந்து வைக்கிற மூலை, செடிகளில் நாய்க்கு விஷமான அரளியும் சைகஸும். சுவரில் செயின் மாட்டும் வளையம் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். தெரு முனையில் எத்தனை நாய்கள் இருக்கின்றன, அவை புது நாயை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அங்கே ஏற்கனவே நாய் இருந்தால் முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். இரண்டுக்கும் பழக்கமில்லாத தெருவில், ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, 15 அடி இடைவெளியில் ஒரே திசையில் நடங்கள். கால் மணி நேரத்தில் இடைவெளி தானாகக் குறையும். நேருக்கு நேர் கொண்டுபோய் மூக்கோடு மூக்கு நிறுத்துவதுதான் சண்டையைத் தொடங்கிவைக்கும். பின்பக்கம் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டால் சரியாகப் போகிறது. ஒன்று அசையாமல் விறைத்து நின்றால் லீஷை இறுக்காமல், கூப்பிட்டபடியே நடையைத் தொடருங்கள். வீட்டுக்குள் முதல் இரண்டு வாரம் சாப்பாடு தனித்தனி அறையில்.

ஒப்படைக்கும் நாளைச் சனிக்கிழமை காலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வீட்டில் ஆள் இருக்கும், மருத்துவரும் கிடைப்பார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலிருந்து வெடி ஓயும்வரை யாருக்கும் நாயைக் கொடுக்காதீர்கள். போகிக்கு மேளம் அடிக்கிற நாட்களும் அப்படித்தான். புது இடம், புது ஆட்கள், அதன்மேல் சரவெடி என்றால் நாய் ஓடும், ஓடினால் எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று அதற்குத் தெரியாது.

நாய் தொலைவது பெரும்பாலும் முதல் நாளில், காருக்கும் கேட்டுக்கும் நடுவில். எப்படி என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாய் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். பிடித்திருப்பவர் முன்னாலிருந்து இழுப்பார். அது தலையைத் தாழ்த்திக் காதைப் பின்னால் மடித்து ஒரே ஒரு அடி பின்னால் வைக்கும். நாட்டு நாயின் தலை கழுத்தைவிட அதிகம் அகலமில்லை, பெல்ட் காதைத் தாண்டி வழுக்கி வந்துவிடும். கையில் வெறும் பெல்ட் தொங்கும், நாய் ரோட்டில். அதனால் கழுத்தில் பெல்ட், உடம்பில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்), இரண்டுக்கும் தனித்தனி லீஷ். பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு போதும், அதற்கு மேல் வேண்டாம். பெல்ட்டில் புதியவரின் போன் எண் ஏற்கனவே எழுதியிருக்க வேண்டும். லீஷ் கைக்கு வந்த பிறகுதான் கார் கதவு திறக்கணும், கேட்டும் வாசல் கதவும் சாத்திய பிறகுதான் லீஷைக் கழற்றணும். நாய் நின்றுவிட்டால் முன்னாலிருந்து இழுக்காமல், பக்கவாட்டில் நின்று அது நகரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

கூடவே அனுப்ப வேண்டியவை: ஒரு வாரத்துக்கான அதே சாப்பாடு, தடுப்பூசிப் புத்தகம், துவைக்காத அதன் படுக்கைத் துணி. சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றட்டும், இல்லையென்றால் பேதியாகலாம். முதல் வாரம் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். கையெழுத்து வாங்கும் தாளில் முகவரி, அடையாள அட்டை நகல், குட்டியானால் கருத்தடைக்கான மாதம், எக்காரணத்தாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்ற வரி, இவ்வளவும் இருந்தால் போதும்.

அப்படியும் நாய் தப்பித்துவிட்டால் நீங்கள் உடனே போக வேண்டும். அதற்குத் தெரிந்த குரல் உங்களுடையது மட்டும்தான். பத்துப் பேர் பெயர் சொல்லித் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் அந்தப் படுக்கைத் துணியையும் கொஞ்சம் கோழியையும் வைத்துவிட்டு, போக்குவரத்து அடங்கிய ராத்திரியிலோ விடியற்காலையிலோ தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள்.

மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம், போன் செய்யுங்கள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்பார்கள். என்ன சாப்பிட்டது, கக்கா எப்படிப் போனது, இப்போது எங்கே படுத்திருக்கிறது என்று கேளுங்கள். வளர்ந்த நாய் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். குட்டி இரண்டு வேளை சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் மறுநாளுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் வருகிற போன்தான் முக்கியமானது. நாய்க்குப் பயம் தெளிந்து, இது என் வீடு என்று ஆனபிறகுதான் வாசலில் குரைப்பதும் சோபாவை விட்டு இறங்க மறுப்பதும் தொடங்கும். "நல்லாத்தான் இருந்தது, திடீர்னு மாறிடுச்சு" என்பார்கள். இப்படி ஆகும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்தப் போன் யோசனை கேட்டு வரும், சொல்லாமல் விட்டிருந்தால் திருப்பித் தரத்தான் வரும். குட்டிக்கு ஆறு மாதம் ஆகும்போது கருத்தடைக்கு நீங்களே நாள் வாங்கிக் கொடுங்கள், தள்ளிப்போகாமல் நடக்க அதுதான் வழி.

திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள். திட்டு வாங்கப் பயந்தவர்கள்தான் ராத்திரியில் நாயை வேறு ஏரியாவில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள். உட்காரவைத்து என்ன நடந்தது, எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தெரியாத ஒன்று அங்கே தெரிந்திருக்கும். இரண்டு நாள் நாயைத் தூங்கவிடுங்கள். அங்கே தெரிந்ததை அறிவிப்பில் ஒரு வரியாகச் சேர்த்து, முதல் சுற்றில் நூலிழையில் வேண்டாம் என்று சொன்ன வீடுகளின் எண்களை எடுத்து அங்கிருந்து கூப்பிடத் தொடங்குங்கள்.